நூல் விலைக்கே சீனத் துணி எப்படி வருது? (தாராவி, டி-சர்ட் யூனிட்)

தாராவித்தையல் · சனி இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். 90 அடி ரோட்டுல சின்ன யூனிட் வச்சிருக்கேன், பதினாலு மிஷின். தாத்தா திருநெல்வேலியில இருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்தவர். அப்பா தையல், நானும் அதே. இதுவரைக்கும் பருத்தி டி-சர்ட் மட்டுந்தான். துணி திருப்பூர்ல இருந்து ரோலா வரும், வெட்டித் தைச்சு அனுப்புவோம்.

இப்ப ஒரு பார்ட்டி ஜிம் டி-சர்ட் ஆர்டர் தர்றேன்னு வந்திருக்கார். நூத்துக்கு நூறு பாலியஸ்டர், சின்னச் சின்ன ஓட்டை உள்ள பின்னல் துணி. சாம்பிள் ரோலைக் கொண்டுவந்து காட்டினார். சீன மால். கிலோ என்ன விலைன்னும் சொன்னார். அன்னிக்கே பைதோனியில தெரிஞ்ச நூல் கடையில பாலியஸ்டர் நூல் என்ன ரேட்டுன்னு விசாரிச்சேன். ரெண்டுக்கும் கிலோவுக்கு இருபது ரூபாதான் வித்தியாசம்! அந்த இருபது ரூபாய்க்குள்ள பின்னி, சாயம் போட்டு, கப்பல்ல ஏத்தி, இங்க வரியும் கட்ட முடியுமா? எங்கேயோ இடிக்குது.

இன்னொண்ணு. பருத்தியை விட்டு இதுக்குள்ள இறங்கலாமா? அப்பாகிட்ட சொன்னா "நைலக்ஸ் யாவாரம் நிக்காதுல"ங்கறார். செயற்கைத் துணின்னாலே அவருக்கு நைலக்ஸ்தான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நவசேவா_நந்தி · சனி இரவு 11.15

தம்பி, முதல்ல அந்த ரோல் என்ன கஸ்டம்ஸ் கோடுல (பொருளோட வகை எண்) இறங்குச்சுன்னு கேளுங்க. நான் கஸ்டம்ஸ் கிளியரிங்ல இருக்கேன், அதனால கேக்குறேன்.

2024 மார்ச்ல சில வகை செயற்கைப் பின்னல் துணிக்குக் கிலோ 3.5 டாலர்னு குறைந்தபட்ச இறக்குமதி விலை வச்சாங்க. அதுக்குக் கீழே விலை காட்டி அந்தத் துணியை இறக்க முடியாதுன்னு ஆச்சு. அப்புறம் இன்னும் சில கோடுகளையும் அதுல சேர்த்தாங்க. 3.5 டாலர்னா நம்ம காசுல முந்நூறு ரூபாயை ஒட்டி வருது. நூல் ரேட்டோட இருபது ரூபா சேர்த்தா அதுல பாதி கூட வராது போலிருக்கே. ஒண்ணு, அது பழைய ஸ்டாக்கா இருக்கணும். இல்லேன்னா துணியோட பேரை மாத்தி வேற கோடுல இறக்கியிருக்கணும். அதுவும் இல்லேன்னா சீனான்னு சொல்லி சூரத் மாலையே காட்டியிருக்கணும். இது மூணுமே நடக்குது.

ஜாப் ஒர்க்குன்னா கூட (துணி அவங்களது, உங்களுக்குத் தையல் கூலி மட்டும்) பில் காப்பி, சலான் வாங்காம ஒரு மீட்டரையும் உள்ள விடாதீங்க.

காட்டன்கிரீன் · ஞாயிறு காலை 6.20

நந்தி சொன்னது சரி. ஆனா கள்ளக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் சீனத் துணி மலிவுதான். ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு 71 வயது. நூல் தலாலி (தரகு) செய்து ஓய்ந்தவன். விடியற்காலையில் தூக்கம் வராது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலியஸ்டர் வயலில் விளைவதில்லை. கச்சா எண்ணெயில் பிரியும் நாப்தாவிலிருந்து பாராசைலீன், அதிலிருந்து பி.டி.ஏ. என்ற அமிலம். அதோடு எம்.இ.ஜி. என்ற கிளைக்காலைச் சேர்த்துக் காய்ச்சினால் பாலியஸ்டர் குழம்பு. ஒரு கிலோ பாலியஸ்டருக்கு ஏறக்குறைய 860 கிராம் பி.டி.ஏ.வும் 340 கிராம் எம்.இ.ஜி.யும் வேண்டும். அந்தக் குழம்பைச் சல்லடைக் கண் போன்ற துளைகள் வழியே பீய்ச்சினால் இழை. ஆக, எண்ணெயிலிருந்து இழை வரை ஒரே வளாகத்தில் வைத்திருப்பவன்தான் விலையைத் தீர்மானிக்கிறான். உலகப் பாலியஸ்டரில் பத்தில் ஏழு பங்கு சீனாவில் ஆகிறது. அங்கே ஆலை நின்றால் நஷ்டம் கூடும், அதனால் விலை இறங்கினாலும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளூரில் விற்காதது கப்பல் ஏறும்.

அளவைப் பாருங்கள். 2000-இல் உலகம் முழுக்க எல்லா இழையும் சேர்த்து 5.8 கோடி டன். 2024-இல் 13.2 கோடி டன். பருத்தி இருபது வருடமாக இரண்டரைக் கோடி டன்னைச் சுற்றியே நிற்கிறது. கூடியதெல்லாம் பெரும்பாலும் பாலியஸ்டர். இன்று மொத்த இழையில் நூற்றுக்கு 59 பங்கு அதுதான். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், நைலக்ஸ் நிலைத்து நின்றுவிட்டது, அவர் மட்டும்தான் கவனிக்கவில்லை.

சந்தேகப்பிராணி · ஞாயிறு காலை 9.05

பெரியவரே, நின்னதால நல்லதுன்னு ஆயிடுமா? துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை கழண்டு சாக்கடை வழியா கடலுக்குப் போகுது. கடல்ல நேரடியா சேர்ற நுண் பிளாஸ்டிக்கில மூணுல ஒரு பங்கு செயற்கைத் துணி துவைக்கிறதால வர்றதுன்னு இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2017-லயே கணக்குச் சொல்லிச்சு. நம்ம ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் பருத்தியை விட்டா எது? பெட்ரோல் சட்டை போட்டுக்கிட்டு லோக்கல் டிரெயின்ல தொங்கறதுக்கு எதுக்கு இவ்வளவு கொண்டாட்டம்?

சயான்கோலிவாடா_லட்சுமி · ஞாயிறு காலை 9.50

தம்பி எந்த ஃப்ளாட்டுல இருந்து பேசறீங்கன்னு தெரியல. எங்க வீடு பத்துக்குப் பன்னெண்டு. ஜூன் பிறந்தா செப்டம்பர் வரைக்கும் கொடி கட்ட வெளியில இடம் கிடையாது. ஃபேனுக்குக் கீழேதான் எல்லாத் துணியும். பையனோட பருத்தி யூனிஃபார்ம் ரெண்டு நாள் ஆனாலும் காயாது, மூணாம் நாள் நாத்தம் அடிக்கும். பாலியஸ்டர் கலந்தது ராத்திரி பிழிஞ்சு போட்டா காலையில போட்டுக்கலாம், இஸ்திரியும் வேண்டாம். இஸ்திரிக்காரனுக்கு மாசம் எவ்வளவு போகுது தெரியுமா? பருத்தி நல்லதுதான், காய வைக்க பால்கனி இருக்கிறவங்களுக்கு.

சந்தேகப்பிராணி · ஞாயிறு காலை 10.10

அக்கா, அது நியாயந்தான். நான் முலுண்ட். பால்கனி இருக்கு. ஒத்துக்கிறேன்.

பிவண்டிக்காரன் · ஞாயிறு மதியம் 1.30

காட்டன்கிரீன் ஐயா இழையைச் சொன்னாங்க, நான் தறியைச் சொல்றேன். இங்க பிவண்டியில ஒரு சேட்டோட ஷெட்டுல நாப்பது தறிக்கு நான் மேஸ்திரி. எல்லாம் நாடா ஓடுற சாதாத் தறி. நிமிஷத்துக்கு நூத்தி இருபது, நூத்தி முப்பது ஊடு (குறுக்கு நூல்) ஓடும். சத்தத்துல காது போனதுதான் மிச்சம்.

போன வருஷம் சூரத்துல வாட்டர் ஜெட் தறி பார்த்தேன். நாடாவே கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணியைப் பீய்ச்சினா அதுவே ஊடு நூலை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு இழுத்துட்டுப் போயிடுது. நிமிஷத்துக்கு அறுநூறு, எழுநூறு. தரையெல்லாம் ஈரம், ஆளுங்க ரப்பர் செருப்புல நடக்கறாங்க. இதுல பருத்தியை ஓட்ட முடியாது, தண்ணி குடிச்சு ஊதிக்கும். பாலியஸ்டர் தண்ணியைத் தொடாது, அதனால ஓடும். சீனாவுல ஷெங்ஸே பக்கம் இந்தத் தறிதான் ஊர் ஊரா இருக்காம்.

இப்ப சொல்லுங்க, கூலி எங்க குறையாது? என் ஷெட்டுல ஒருத்தன் ஆறு தறி பார்ப்பான். அங்க ஒருத்தன் எத்தனை பார்ப்பான்னு எண்ணிப் பார்த்தேன். சேட்டுகிட்ட சொன்னேன், கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

செம்பூர்_மீனா · ஞாயிறு மாலை 5.45

நான் அந்தேரியில ஒரு பையிங் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசர், வெளிநாட்டுக் கடைகளுக்கு இங்க ஆர்டர் பிடிச்சுத் தர்ற வேலை. இங்க எல்லாரும் இழை, தறின்னு பேசறீங்க. என் மேசையில லேபிள் முடிவாகறது வேற இடத்துல.

அமெரிக்காவுக்குப் போற பருத்தி டி-சர்ட்டுக்கு அவங்க சாதாரண வரி 16.5 சதம். அதே டி-சர்ட் செயற்கை இழையில இருந்தா 32 சதம். கலப்புத் துணின்னா எந்த இழை எடையில அதிகமோ அதுதான் கணக்கு. அதனாலதான் 60-40, 55-45ன்னு பருத்தி ஒரு படி மேல இருக்கிற கலவையா கேப்பாங்க. ஏதோ தோல் மேல உள்ள பாசத்தாலன்னு நான் ரொம்ப நாள் நினைச்சேன். சீனியர் சிரிச்சுக்கிட்டே வரி அட்டவணையைக் காட்டினாங்க.

2025-ல கதையே வேற ஆச்சு. ஆகஸ்ட் 27-ல இருந்து நம்ம மால் மேல கூடுதல் 50 சதம் போட்டாங்க. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20. பையர் மெயில்ல "ப்ளீஸ் ஹோல்டு"ன்னு ஒரே வரி. வெட்டி வச்ச துணி, தைச்சு பாலிபேக்ல போட்ட பீஸ், எல்லாம் அப்படியே நின்னுச்சு. திருப்பூர்ல ஃபோன் எடுத்தவர் முதல்ல "மேடம், டிஸ்கவுண்ட் எவ்வளவு?"ன்னுதான் கேட்டார். ஹலோ கூட சொல்லல.

காட்டன்கிரீன் · ஞாயிறு இரவு 8.30

மீனா அம்மா சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இதுதான் நான் நாற்பது வருடம் பார்த்தது. எந்த இழை உடுத்துவது என்பதை உடம்பு தீர்மானிப்பதாக நினைக்கிறோம். பாதி நேரம் அதைத் தீர்மானித்தது ஏதோ ஒரு வரி அறிவிப்பு.

1961, 62-இல் மேலை நாடுகள் ஆசியத் துணிக்குக் கோட்டா (இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பு) போட்டன. பருத்திக்கு மட்டும். ஜப்பானும் ஹாங்காங்கும் தைவானும் கொரியாவும் என்ன செய்தார்கள்? செயற்கை இழைக்குத் தாவினார்கள், அதற்குத்தான் கோட்டா இல்லையே! பன்னிரண்டு வருடம் கழித்து, 1974-இல், அந்த ஓட்டையை அடைக்கத்தான் பல்லிழை ஒப்பந்தம் வந்தது. பருத்தி, கம்பளி, செயற்கை எல்லாம் உள்ளே. ரேமி என்ற நார் மட்டும் வெளியே நின்றது. 80-களில் அமெரிக்கக் கடைகளில் திடீரென்று ரேமி ஸ்வெட்டர்! 55 சதம் ரேமி, 45 சதம் பருத்தி. ரேமி உறுத்தும், மடித்த இடத்தில் முறியும். அதைக் கேட்டு யாரும் கடைக்குப் போகவில்லை. கோட்டா கேட்டது. 1986-இல் ரேமியையும் பட்டியலில் சேர்த்தார்கள், அதோடு அந்த மோகம் அடங்கியது.

2005 ஜனவரி 1-இல் கோட்டா மொத்தமாக ஒழிந்தது. சீன மால் வெள்ளமாக வந்ததும் ஐரோப்பா மறுபடி 2007 வரை கட்டுப்பாடு போட்டது, அந்தக் கோடையிலேயே சீன உடுப்பு அங்கே துறைமுகங்களில் கோடிக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. பருத்தி அதிகம் விளையாத வங்கதேசம் தைத்துப் பிழைக்கிறதே, எதனால்? ஏழை நாடு என்பதால் ஐரோப்பாவில் 2001 முதல் வரி இல்லை. கூலி மலிவும் உண்டு. அந்த மலிவுக்கு, டாக்கா பக்கம் இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று 1,134 உயிர் விலை.

நவசேவா_நந்தி · ஞாயிறு இரவு 9.10

வங்கதேச மால்னு சொன்னீங்களே. 2025 மே 17-ல இருந்து அவங்க ரெடிமேட் தரை வழியா வர முடியாது, நவசேவா, இல்லேன்னா கல்கத்தா துறைமுகம்தான்னு ஆச்சு. அதுக்கு முன்னால ஏப்ரல்லயே அவங்க நம்ம நூலைத் தரை வழியா எடுக்கறதை நிறுத்தியிருந்தாங்க. பெட்ராபோல் எல்லையில லாரியில வந்த பேன்ட் கண்டெய்னர்ல இலங்கை சுத்தி வர ஆரம்பிச்சுது. எங்களுக்கு ஃபைல் கூடிச்சு, சொல்லக் கூடாது.

தாராவித்தையல் · ஞாயிறு இரவு 10.30

ஐயா, அக்கா, நன்றி. ஒரு சந்தேகம். அமெரிக்கா, ஐரோப்பா வரி சரி. இங்க, நம்ம நாட்டுல பாலியஸ்டர் நூல் ஏன் சீனாவை விட விலை? இங்கேயும் ரிலையன்ஸோட பெரிய ஆலை இருக்கே, பாதாள்கங்கா பக்கத்துலதானே.

காட்டன்கிரீன் · திங்கள் காலை 5.55

தம்பி, அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாய், ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியாது.

என் அப்பா லோயர் பரேலில் ஒரு மில்லில் நெசவாளி. 1982 ஜனவரி 18-இல் வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் இரண்டரை லட்சம் பேர். நாங்கள் மூன்று மாதம் என்று நினைத்தோம். அம்மா பாத்திரம் அடகு வைத்தாள், பிறகு என் தம்பி படிப்பை விட்டான். அந்தப் போராட்டம் முடிந்தது என்று யாரும் இன்றுவரை முறையாக அறிவிக்கவில்லை. அதே 1982-இல்தான் பாதாள்கங்காவில் பாலியஸ்டர் நூல் ஆலை ஓடத் தொடங்கியது, ஆண்டுக்குப் பத்தாயிரம் டன். பரேலில் சங்கு ஊதுவது நின்ற வருடமும் அங்கே நூல் ஓடிய வருடமும் ஒன்று. ஒன்றால்தான் மற்றொன்று என்று சொல்ல மாட்டேன். மில் முதலாளிகள் மிஷினில் காசு போடாமல் பத்து இருபது வருடமாகவே கறந்துகொண்டிருந்தார்கள், நெசவு ஏற்கெனவே பிவண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அப்பா பருத்தி, நான் போய் உட்கார்ந்தது பாலியஸ்டர் நூல் தலாலியில். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். பல வருடம் இங்கே பி.டி.ஏ. மேல் குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டான் மலிவாகக் கொட்டுவதைத் தடுக்கும் வரி) இருந்தது, 2020 பட்ஜெட்டில்தான் எடுத்தார்கள். பிறகு 2023-இல் பாலியஸ்டர் இழைக்கும் நூலுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணை, பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரை இல்லாமல் இறக்குமதி கிடையாது என்றார்கள். தரம் என்று பெயர், வாசல் அடைப்பு என்று அர்த்தம். நூலுக்கு வாசல் அடைத்தால் துணி ஜன்னல் வழியாக வரும். அதுதான் நீ பார்த்த இருபது ரூபாய். 2025 நவம்பரில் அந்த ஆணைகளில் பெரும்பாலானவற்றை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

பிவண்டிக்காரன் · திங்கள் காலை 8.15

ஜி.எஸ்.டி.யை விட்டுட்டீங்க ஐயா. 2017-ல இருந்து இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5. பருத்திக்கு மேலருந்து கீழ வரைக்கும் அஞ்சு. நூலுக்குக் கூடக் கட்டின சேட்டோட பணம் ரீஃபண்டுன்னு அங்கேயே மாட்டிக்கிடக்கும், எங்க கூலி அவர் பாக்கெட்டுல மாட்டிக்கிடக்கும். 2025 செப்டம்பர் 22-ல இருந்துதான் இழை, நூல் ரெண்டும் அஞ்சு ஆச்சு.

செம்பூர்_மீனா · திங்கள் காலை 11.00

பி.டி.ஏ., எம்.இ.ஜி. அப்பவும் 18-லயே விட்டுட்டாங்க. முடிச்சு அவிழல, மேல நகர்ந்திருக்கு.

தம்பி, உங்க கேள்விக்கு நேரா பதில்: ஆர்டரை எடுங்க. உலகம் எழுபது-முப்பதுன்னு செயற்கைப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, நாம இன்னும் பருத்திப் பக்கம். ஜிம், ஸ்விம், ரெயின்கோட் இதெல்லாம் யாராவது கேட்டா நம்மகிட்ட காட்ட சாம்பிள் இருக்காது. 2021-ல செயற்கை இழைக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும்னு 10,683 கோடி ஊக்கத்திட்டம் அறிவிச்சாங்க. அதுல சேர அப்ப முதலீடே நூறு கோடியாவது கேட்டாங்க. பதினாலு மிஷினுக்கு அந்தக் கதவு கிடையாது. அதனால கத்துக்கறதை ஜாப் ஒர்க்குலதான் கத்துக்கணும். துணி வாங்கி ஸ்டாக் மட்டும் வைக்காதீங்க, இந்த விலை ஆடற ஆட்டத்துல நீங்க தாங்க மாட்டீங்க.

சந்தேகப்பிராணி · திங்கள் மதியம் 12.20

மறுசுழற்சி பாலியஸ்டர்னு லேபிள் போட்டு வர்றதாவது நல்லதா?

தாராவித்தையல் · திங்கள் மதியம் 2.40

அண்ணே, அதை நான் சொல்றேன், இது நம்ம ஏரியா. 13-வது காம்பவுண்டுல தண்ணி பாட்டிலை மூடி கழட்டி, லேபிள் கிழிச்சு, கலர் பிரிச்சு அமுக்கிக் கட்டுவாங்க. அது எங்கேயோ போய் இழையா மாறுது. பழைய சட்டையில இருந்து புதுச் சட்டை வர்றது ரொம்பக் கம்மி, எல்லாம் பாட்டில்தான். எங்க கட்டிங் வேஸ்ட்டு சிந்தியை (துண்டுத் துணி) எடுக்க ஒரு அம்மா வருவாங்க. பருத்தி சிந்திக்குக் காசு தருவாங்க, மிஷின் துடைக்கப் போகும். பாலியஸ்டர் சிந்தி எண்ணெய் குடிக்காது, யாரும் வாங்க மாட்டாங்க. "இதை நீயே வச்சிக்கோ"ன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க.

காட்டன்கிரீன் · திங்கள் மாலை 6.10

சிந்தி அம்மாவிடம் கேட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

தம்பி, ஒன்று செய். பார்ட்டி கொடுத்த துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டால் சுருங்கி ஓடும், உருகிக் கறுப்பு மணியாக உறையும், நகத்தில் அழுத்தினால் உடையாது. ஒருமுறை 67-33 என்று எழுதிய யூனிஃபார்ம் துணியைக் கொளுத்திப் பார்த்தேன், சாம்பல் பேருக்குக்கூட இல்லை, மணி மட்டும். அந்த வியாபாரியிடம் கேட்டதற்கு "33 பருத்தி பில்லில் இருக்கிறது" என்றான்.

தாராவித்தையல் · வியாழன் இரவு 11.50

அப்டேட். பார்ட்டி பில் காப்பி கொடுத்தார். நந்தி அண்ணன் சொன்ன மூணாவதுதான், சூரத் மால். சீனான்னு சொன்னா விலை பேச வசதியாம். கொளுத்திப் பார்த்தேன், சுத்தமான மணி. ஐந்நூறு பீஸ் ஜாப் ஒர்க் எடுத்தேன்.

இன்னிக்கு முதல் கட்டிங். பருத்திக்கு அடுக்கற மாதிரியே மாஸ்டர் எண்பது அடுக்கு விரிச்சு மிஷின் ஓட்டினார். பாதியில ஒரு மாதிரி வாடை. பிளேடு சூட்டுல ஓரம் உருகி எண்பது அடுக்கும் ரொட்டி மாதிரி ஒட்டிக்கிச்சு. பிரிச்சா ஓரமெல்லாம் முள்ளு முள்ளா குத்துது. அறுபது பீஸுக்கு மேல போச்சு, அது என் கணக்குல. அப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தார், ஒரு வார்த்தை பேசல. ஓரத்தை எடுத்துத் தடவிப் பார்த்துட்டு டீ கேட்டார்.

பிவண்டிக்காரன் · வெள்ளி காலை 7.05

அடுக்கைப் பாதியாக் குறைங்க. பத்து அடுக்குக்கு ஒரு தடவை நடுவுல மெழுகுத் தாள் விரிக்கணும், பிளேடுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கணும். மிஷின் வேகத்தையும் கொறைக்கச் சொல்லுங்க. தைக்கும்போது ஊசியும் முனை உருண்டையா உள்ளது போடுங்க, இல்லேன்னா இழை அறுந்து ஓடும். ஸ்ப்ரே மஸ்ஜித் பந்தர்ல கிடைக்கும். நாளைக்கு அந்தப் பக்கம் வர்றேன், ரெண்டு டப்பா வாங்கிட்டு வரட்டா?

தாராவித்தையல் · வெள்ளி காலை 7.20

மூணு வாங்குங்கண்ணே. மெழுகுத் தாளும்.